எரிந்த கூரைகள்: ஸ்கொத்லாந்துக் கோயிற்பற்று ஒன்றின் வரலாறு

ஸ்கொத்லாந்து தேசத்தின் வடகோடியிலே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் அலைகள் கரும்பாறைகளில் மோதிச் சிதறுகின்ற ஓரிடத்தில், வெள்ளையடித்த பழைய தேவாலயம் ஒன்று நிற்கின்றது. அதனுள்ளே இப்பொழுது வழிபாடு நடைபெறுவதில்லை. 1976ஆம் ஆண்டு தொடக்கம் அது நூதனசாலையாக விளங்குகின்றது. ஆயினும் உயரமான மரப் பிரசங்க மேடையொன்று இன்றும் அங்கே பேணப்பட்டு வருகின்றது. அதிலே பொறிக்கப்பட்டுள்ள ஆண்டு 1774. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன், இறைவனுடைய வசனங்கள் ஒலித்த அதே மேடையிலிருந்துதான் அவ்வூர் மக்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் கட்டளைகளும் வாசிக்கப்பட்டன என்று அங்குள்ளோர் கூறுவர்.

அந்தக் கோயிற்பற்றின் பெயர் ஃபார். அது சதர்லாந்து மாகாணத்தைச் சேர்ந்தது. கோயிற்பற்று என்னும் சொல்லை நான் வேண்டுமென்றே கையாளுகின்றேன். போர்த்துக்கீசர் காலந்தொட்டு யாழ்ப்பாணத்தார் வழங்கிவந்த அச்சொல்லைப் போல ஸ்கொத்லாந்தின் நிலைமைக்குப் பொருந்தும் சொல் வேறில்லை. அங்கும் கோயிற்பற்று என்பது வழிபாட்டுக்குரிய எல்லை மாத்திரமன்று. பள்ளிக்கூடம், ஏழைகளைப் பராமரித்தல், பிறப்பு இறப்புப் பதிவு ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருந்தன. 1790ஆம் ஆண்டையடுத்த காலத்தில், சேர் ஜோன் சின்கிளேயர் என்பார் ஸ்கொத்லாந்திலுள்ள ஒவ்வொரு கோயிற்பற்றின் பாதிரியாருக்கும் கடிதம் எழுதி, அவ்வவ்விடத்துச் செய்திகளைத் திரட்டி, 21 தொகுதிகளாக வெளியிட்டார். வரலாற்று மாணவருக்கு அது ஒரு பொற்சுரங்கம். ஆனால் அதே சின்கிளேயர்தான் செவியற் என்னும் ஆட்டினத்தை அயல் மாகாணமாகிய கெயித்னஸுக்குக் கொண்டுவந்து பெருமை தேடிக்கொண்டவர். மக்களைப் பற்றி எழுதுவித்தவரே, பின்னர் அம்மக்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஆட்டையும் புகழ்ந்து பரப்பியவராக இருந்தமை சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று.

ஃபார் மிக விசாலமானது. கடற்கரையிலே தொடங்கி, தெற்கே பல மைல் தூரம் மலைகளினூடே பரந்து செல்கின்றது. அதன் உயிர்நாடி நேவர் என்னும் ஆறு. அவ்வாறு பாயும் பள்ளத்தாக்கு ஸ்திராத்நேவர் எனப்படும். ஆற்றின் இருமருங்கும் பசும்புல் நிறைந்த வளமான நிலம். அதற்கு அப்பால் கருஞ்சேறும் புதர்களும் நிறைந்த மேட்டு நிலம். தேவாலயத்தின் மேற்குப் புறத்திலே மனித உயரத்துக்கு மேலான சிலுவைக் கல் ஒன்று உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது அது. பின்னிப் பிணைந்த கொடிகளும், ஒன்றன் கழுத்தை மற்றொன்று சுற்றியுள்ள இரு பறவைகளும் அதிலே செதுக்கப்பட்டுள்ளன. அத்தனை நூற்றாண்டுகளாக அங்கே மக்கள் வாழ்ந்து வந்தனர் என்பதற்கு அக்கல் ஒரு சாட்சி.

அம்மக்கள் பெரும்பாலும் மக்காய் குலத்தினர். கேலிக் மொழி பேசியவர்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிற்றூராக வாழும். விளைநிலத்தைக் கீற்றுக் கீற்றாகப் பகிர்ந்து வாற்கோதுமையும் ஓட்சும் உருளைக்கிழங்கும் பயிரிடுவர். கோடை காலத்தில் பெண்களும் சிறுவர்களும் கறுப்பு மாடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்று, அங்கே கொட்டில்களில் தங்கி, வெண்ணெயும் பாற்கட்டியும் செய்வர். மாடு விற்ற பணம் வாடகைக்குப் போகும். கல்லும் புற்றரையும் கொண்டு கட்டிய நீண்ட வீடு. ஒரு பாதியில் மனிதர், மறுபாதியில் மாடுகள். மரம் அருகிய அந்த நாட்டிலே கூரையைத் தாங்கும் வளைமரங்களே வீட்டின் பெறுமதி வாய்ந்த பகுதி. வீடு மாறுவோர் சுவரை விட்டுவிட்டு மரத்தைச் சுமந்து செல்வர். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று பாடிவிட நான் துணியவில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் பட்டினி உண்டு. வாடகை நிலுவை உண்டு. குடித்தொகையும் பெருகிக்கொண்டே வந்தது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்றிருந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்கு அவர்களுடைய கையிலே உறுதி கிடையாது. குலத்தலைவனின் சொல்லே உறுதி என்று அவர்கள் நம்பியிருந்தனர். 1800ஆம் ஆண்டளவில் 93ஆம் படைப்பிரிவு திரட்டப்பட்டபோது, பிள்ளைகளைப் படைக்கு அனுப்பினால் நிலம் நிலைக்கும் என்று எண்ணி அனுப்பினர்.

அக்காலத்தில் சதர்லாந்தின் சீமாட்டியாக இருந்தவர் எலிசபெத். அவருடைய கணவர், பின்னாளில் சதர்லாந்துக் கோமகன் என்னும் பட்டம் பெற்றவர், பிரித்தானியாவின் மிகப் பெரும் செல்வர்களுள் ஒருவர். அவர்களுடைய ஆலோசகர்கள் வகுத்த திட்டம் காகிதத்திலே மிக நேர்த்தியானது. உட்பகுதிப் பள்ளத்தாக்குகளைச் செவியற் ஆட்டுப் பண்ணைகளாக்குவது; அங்குள்ள குடிகளைக் கடற்கரையில் சிறு துண்டு நிலங்களில் இருத்தி மீன்பிடிக்கப் பழக்குவது. ஆட்டுரோமத்துக்குத் தெற்கே ஆலைகள் காத்திருந்தன. பண்ணைக்காரர் தரும் குத்தகை குடிகள் தரும் வாடகையிலும் பன்மடங்கு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘முன்னேற்றம்’. வீதிகளும் பாலங்களும் அவர்கள் பணத்தில் அமைந்தன என்பதும் உண்மையே. முன்னேற்றத்துக்காக நகர்த்தப்பட வேண்டியவர்களிடம் ஒரு வார்த்தையேனும் கேட்கப்படவில்லை என்பதும் உண்மையே.

திட்டத்தை நிறைவேற்ற வந்தவர் பற்றிக் செல்லர். மொறே பகுதியில் பிறந்த சட்டத்தரணி. கணக்கிலும் கடிதம் எழுதுவதிலும் சமர்த்தர். எஸ்டேட்டின் காரியகர்த்தராக இருந்த அவர், 1813 டிசம்பரில் ஸ்திராத்நேவரின் ஒரு பெரும் பகுதி ஏலத்துக்கு வந்தபோது, தாமே ஆட்டுப் பண்ணைக்காகக் குத்தகை கேட்டு எடுத்துக்கொண்டார். குடியெழுப்பும் அதிகாரியும் அவரே. குடியெழும்பினால் இலாபம் அடைபவரும் அவரே. கேலிக் மொழி அறியாத செல்லருடைய அறிவித்தலை மக்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் டேவிட் மக்கென்சி என்னும் பாதிரியார். அவர் 1815இல் ஃபார்க் கோயிற்பற்றின் குருவாக நியமனம் பெற்றார்.

1814ஆம் ஆண்டின் இளவேனிலில் மேய்ச்சற் புதர்களுக்குத் தீ வைக்கப்பட்டது. எரிந்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல் ஆட்டுக்கு நல்லது. ஆனால் குடிகளின் மாடுகள் அப்பருவத்தில் அப்புதர்களையே தின்று உயிர்வாழ்பவை. மாடுகள் மெலிந்தன. பின்பு கோடை தொடங்கும் வேளையில் ஆட்கள் வந்தனர். வீட்டுப் பொருள்களை வெளியே எறிந்து, கூரையைப் பிரித்து, வளைமரங்களைக் கொளுத்தினர். மரம் இருந்தால் வேறிடத்தில் வீடு எழும்பும். திரும்பி வந்தாலும் எழும்பும். ஆகையாலேதான் தீ.

ஜூன் 13ஆம் திகதி பாடின்லொஸ்கின் என்னும் இடத்தில் வில்லியம் சிஷொல்ம் என்பவரின் வீட்டுக்குச் செல்லரும் அவருடைய ஆட்களும் சென்றனர். சிஷொல்மின் மாமியார் மார்கிரெட் மக்காய் நூறு வயதை நெருங்கிய மூதாட்டி; படுக்கையிலே கிடந்தவர். வீடு தீப்பற்றிய பின்னரே அவரைப் போர்வையோடு தூக்கி வெளியே கொண்டுவந்து ஒரு கொட்டிலில் கிடத்தினர் என்று சாட்சிகள் கூறினர். ஐந்து நாளில் மூதாட்டி இறந்தார்.

மக்கள் முறைப்பாடு செய்தனர். மாகாணத்தின் உதவி நீதவான் றொபேட் மக்கிட் விசாரணை நடத்தி, 1815இல் செல்லரைக் கைது செய்தார். வழக்கு 1816 ஏப்ரில் 23ஆம் திகதி இன்வர்னஸ் நகரில் நடைபெற்றது. ஜூரிமாரிற் பெரும்பாலோர் காணிச் சொந்தக்காரரும் வணிகரும். சாட்சிகளோ கேலிக் மாத்திரம் அறிந்த ஏழைகள். அவர்களுடைய சொல் மொழிபெயர்ப்பாளர் வாய்வழியே நீதிபதியின் காதுக்குச் சென்றது. கால்மணி நேர அளவில் ஜூரிமார் ஏகமனதாகச் செல்லரைக் குற்றமற்றவர் என்றனர். மக்கிட் பதவி இழந்து, 1817இல் செல்லருக்கு மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

இந்த வழக்கை நான் வகுப்பிலே கூறியபோது, ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, செல்லர் உண்மையிலே குற்றவாளியா?” என்று வினவினான். எளிதில் விடை கூற இயலாத வினா. மக்கிட்டுக்குச் செல்லர்மீது பழைய பகை இருந்தது. சாட்சியங்களில் முரண்பாடுகளும் இருந்தன. இன்றும் அறிஞர்கள் இதனைக் குறித்து வாதிடுகின்றனர். ஆனால் அவனுக்கு நான் வேறொன்றைச் சுட்டிக்காட்டினேன். வழக்கு நடந்தது மூதாட்டியின் மரணத்தையும் தீயையும் பற்றி மாத்திரமே. ஒரு பள்ளத்தாக்கின் மக்கள் அனைவரையும் எழுப்பி அனுப்பலாமா என்னும் கேள்வி நீதிமன்றின் முன் வரவேயில்லை. அது சட்டப்படி சரியானது என்பதில் இரு தரப்பிலும் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. உறுதியில்லாத குடிக்குச் சட்டத்தில் இடமேது?

செல்லர் காரியகர்த்தர் பதவியை 1817இல் விட்டார்; பண்ணை அவரிடமே இருந்தது. 1819ஆம் ஆண்டு மே மாதத்தில் இதனிலும் பெரிய குடியெழுப்பு நடந்தது. றொசால் என்னும் சிற்றூரில் பிறந்த கொத்தனார் டொனால்ட் மக்ளவுட், ஒரு நாள் இரவு பதினொரு மணியளவில் குன்றொன்றில் ஏறிப் பார்த்து, ஒரே வேளையில் எரிந்துகொண்டிருந்த 250 வீடுகளை எண்ணியதாகப் பின்னர் எழுதினார். எண்ணிக்கையைச் சிலர் ஐயுறுவர். எண்ணியவர் அவ்வீடுகளுட் பலவற்றில் வாழ்ந்தோரைப் பெயர் சொல்லி அறிந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

அதற்குச் சில நாட்களின் முன், பள்ளத்தாக்கின் உட்பகுதியில் ஊழியம் செய்த இளம் பாதிரியார் டொனால்ட் சேஜ் தமது கடைசிப் பிரசங்கத்தை ஆற்றங்கரைப் புற்றரையிலே நடத்தினார். தம்மால் தொடர்ந்து பேச முடியாமலும், மக்களால் கேட்க முடியாமலும், இரு திறத்தாரும் வாய்விட்டழுதனர் என்று அவர் தம் நினைவு நூலில் எழுதியிருக்கின்றார். அந்நூல் 1889இலேதான் அச்சேறியது. கூட்டம் கலைந்தபின் அங்கே மறுபடி வழிபாடு நடக்கவில்லை. வழிபட ஆட்கள் இல்லை.

கடற்கரைக்கு வந்த மக்களின் நிலை என்ன? காற்றடிக்கும் பாறைமேட்டில் இரண்டு மூன்று ஏக்கர் வீதம் துண்டு நிலம் கிடைத்தது. முதலில் கல்லைப் பொறுக்கி எறிந்து, சேற்றை வடித்து, கடற்பாசியைச் சுமந்து வந்து உரமிட்டு மண்ணை உண்டாக்க வேண்டும். மாடு மேய்த்த கைகளுக்கு வலை புதிது. படகு வாங்கப் பணமில்லை. படகு இருந்தாலும் அந்த வடகடற் கரையிலே ஒதுங்கத் தகுந்த துறைமுகம் அருமை. மலைநாட்டாரைப் பார்த்து ‘நாளை முதல் நீ மீனவன்’ என்று காகிதத்தில் எழுதுவது எளிது. கடல் அக்காகிதத்தை வாசிப்பதில்லை. நேவர் ஆறு கடலிற் கலக்கும் இடத்தில் எழுந்த புதிய ஊருக்குச் சீமாட்டியின் செல்லப் பெயரால் பெற்றிஹில் என்று பெயரிடப்பட்டது. வீடிழந்தவர் குடியேறிய ஊருக்கு அவர்களை எழுப்பியவரின் பெயர்! பலர் கப்பலேறிக் கனடா சென்றனர். எஞ்சியோர் உருளைக்கிழங்கையே நம்பி வாழ்ந்தனர். 1846இல் அதற்கும் நோய் வந்தது.

1843இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபை பிளவுண்டது. பாதிரியாரை நியமிக்கும் உரிமை நிலக்கிழார் கையில் இருத்தலாகாது என்றவர்கள் பிரிந்து சென்று சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். சதர்லாந்தின் கடலோர மக்கள் பெருந்திரளாக அங்கே சென்றுவிட்டனர். நிலத்துக்காக எழாத குரல் கோயிலுக்காக எழுந்தது என்று சிலர் குறைகூறுவர். எனக்கு அது வேறு விதமாகத் தோன்றுகின்றது. வாழ்நாளில் முதன்முறையாக நிலக்கிழாருக்கு ‘முடியாது’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது, சொன்னார்கள். 1854இல் கிரிமியப் போருக்கு ஆள் திரட்டக் கோமகன் நேரில் வந்தபோது, இளைஞர் எவரும் முன்வரவில்லை. உமக்கு ஆடுகள்தாமே வேண்டியிருந்தன, அவற்றையே போருக்கு அனுப்பும் என்ற பொருள்பட ஒரு முதியவர் விடையளித்தார் என்று சொல்வர். முன்னர்த் திரட்டிய 93ஆம் படைப்பிரிவோ அவ்வாண்டிலேயே பலக்கிளாவாப் போரில் பெரும்புகழ் ஈட்டியது.

இனி, இக்கோயிற்பற்றின் வரலாறு இருமுறை எழுதப்பட்டதைக் கூறவேண்டும். முதல் முறை எழுதியவர் எஸ்டேட்டின் பிரதான நிருவாகி ஜேம்ஸ் லொக். அவருடைய நூல் 1820இல், புகை அடங்கி ஒரு வருடத்துக்குள், வெளிவந்தது. வீதிகள், பாலங்கள், ரோமத்தின் அளவு என்று எல்லாம் அதில் உண்டு. அதற்கு எதிராக 1840ஆம் ஆண்டில் எடின்பரோப் பத்திரிகையொன்றுக்குத் தொடர்ச்சியாகக் கடிதங்கள் எழுதியவர் நாம் முன்னே கண்ட கொத்தனார் மக்ளவுட். சில ஆண்டுகள் கழிந்தன. அடிமை வாழ்வின் கொடுமையை உலகறியச் செய்த அமெரிக்க எழுத்தாளர் ஹரியற் பீச்சர் ஸ்ரோ பிரித்தானியாவுக்கு வந்து, சதர்லாந்துக் கோமாட்டியின் விருந்தினராக உபசரிக்கப்பட்டார். 1854இல் அவர் வெளியிட்ட பயண நூலில் குடியெழுப்பு என்பதெல்லாம் வீண்பழி என்று கோமாட்டியின் குடும்பத்துக்காகப் பரிந்து பேசினார். கறுப்பின மக்களின் கண்ணீரைக் கண்ட கண்களுக்கு விருந்து மண்டபத்தின் சாளரத்துக்கு அப்பால் நிகழ்ந்தது தெரியாமற் போயிற்று. மக்ளவுட் அப்பொழுது கனடாவில் இருந்தார். ஸ்ரோ அம்மையாரின் நூலுக்கு ‘இனிய நினைவுகள்’ என்ற கருத்துடைய பெயர் இருந்தமையால், அவர் தம்முடைய நூலுக்குத் ‘துயர நினைவுகள்’ என்ற கருத்தில் பெயரிட்டு 1857இல் வெளியிட்டார்.

மக்கள் தாமே வாய்திறந்து பேச 1883 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஸ்கை தீவிலே குடிகள் கிளர்ந்தெழுந்ததன் பயனாக அரசாங்கம் நேப்பியர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அது பெற்றிஹில்லில் அமர்ந்தது. கேலிக் மொழியில் சாட்சி சொல்ல வந்தவர்களுள் ஒருவர் எண்பது வயதுடைய அங்கஸ் மக்காய். குடியெழுப்பப்பட்ட நாளில் அவருக்கு வயது பதினொன்று. பெற்றோர் மாடுகளை ஓட்டிக்கொண்டு முன்னே சென்றுவிட்டனர். பிள்ளைகளைத் துரத்த ஆட்கள் வருகின்றனர் என்று அஞ்சிய சிறுவன், தன் சின்னஞ்சிறு தம்பியை முதுகிலே சுமந்துகொண்டு ஆற்றில் இறங்கினான். நீர் ஏறியது, முதுகிலிருந்த குழந்தை வீறிட்டழுதது, சிறுவன் நிலைதடுமாறி நீருள் விழுந்தான். அவ்வழியே தன் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்த ஏழைப் பெண்ணொருத்தி ஆற்றிற் குதித்து இருவரையும் இழுத்துக் கரைசேர்த்தாள். எழுபது ஆண்டு அளவு மனத்துள்ளே கிடந்த அச்செய்தி, சுருக்கெழுத்தாளரின் கையால் பாராளுமன்றப் பத்திரமாயிற்று. லொக்கின் நூலை வாசித்தவர்கள் அந்தப் பையனை அதில் கண்டிருக்க மாட்டார்கள்.

அந்தச் சாட்சியங்களின் விளைவாக 1886இல் ஒரு சட்டம் பிறந்தது. சிறுகுடியானவரைக் காரணமின்றி எழுப்புதல் ஆகாது. வாடகை நியாயமாக இருத்தல் வேண்டும். நிலத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். நிலத்தைத் திருத்தியதற்கு ஈடும் பெறலாம். ஆகக் கடலோரத்துப் பாறைமேடு அவர்களுக்கு நிலைத்தது. இழந்த பள்ளத்தாக்கை மீட்டுக் கொடுக்க அச்சட்டத்தில் ஒரு வரியுமில்லை. 1901இல் ஸ்திராத்நேவரின் ஒரு பகுதியை அரசாங்கச் சபையொன்று பெற்றுச் சில குடும்பங்களைத் திரும்பக் குடியேற்றியது. எழுப்பப்பட்டவர்கள் அதற்குள் மறைந்துவிட்டனர். பேரப்பிள்ளைகளும் அவர்தம் மக்களுமே திரும்பினர்.

றொசால் மாத்திரம் வெறுமையாகவே கிடந்தது. சுற்றுப்புறம் வனமாக நடப்படவிருந்த வேளையில், 1962இல், ஹொரஸ் ஃபெயர்ஹேர்ஸ்ற் என்னும் ஆய்வாளர் அங்கே அகழ்ந்து அளந்தார். வட்டமான எல்லை மதிலுக்குள்ளே வீடுகளும் களஞ்சியங்களும் சூட்டுக் களைகளுமாக ஏறக்குறைய எழுபது கட்டடங்களின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அவ்வூர் நிலத்தில் மரம் நடாது விட்டுவிட்டனர். கிட்டிய சாலையோரத்தில் கொத்தனார் மக்ளவுட்டுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. செல்லர் 1851இல் காலமாகி, எல்ஜின் நகரத்தின் பழம்பெருந் தேவாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டார். றொசாலில், ஊசியிலைக் காட்டின் நடுவே, இன்றும் அந்த மதில் வட்டத்துள் பச்சைப் புல் மற்றவிடங்களிலும் செழிப்பாக வளர்கின்றது. பல தலைமுறையினர் மாட்டெருவிட்டுப் பண்படுத்திய மண் அது.